வென்றவருக்கே கறுப்பு அட்டை: ஓல்கா கார்லான் ஏன் உக்ரைனின் முகமானார்?

2023 ஜூலை 27, மிலான் நகரில் உலக வாள்வீச்சு சாம்பியன்ஷிப். பெண்கள் சேபர் பிரிவில் உக்ரைனின் ஓல்கா கார்லான், ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று தோற்கடித்தார். முடிவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அன்று போட்டியிலிருந்து நீக்கப்பட்டவர் கார்லான்தான். தோற்றவரோடு கைகுலுக்கவில்லை என்பது அவர்மீது சொல்லப்பட்ட குற்றம். மறுநாளே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் அவருக்குப் பாரீஸ் ஒலிம்பிக்கில் இடம் உண்டு என்று கடிதம் எழுதினார். ஒரு வருடம் கழித்து அதே கார்லான் பாரீஸில் தங்கம் வென்றபோது, அது அந்த ஒலிம்பிக்கில் உக்ரைனின் முதல் தங்கமாக இருந்தது.

ஜெயித்தவரை எப்படி வெளியேற்ற முடியும்? விதி அப்படிச் சொன்னது என்றால், ஒரே நாளில் எப்படி மனம் மாறினார்கள்? அந்த ஒரு சம்பவம்தான் அவரைப் பிரபலமாக்கியதா? இவற்றுக்குப் பதில் தேட, முதலில் இந்த ஆட்டமே எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சேபர் ஆட்டம் எப்படி?

ஒலிம்பிக் வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்கள் உண்டு. கார்லான் ஆடுவது சேபர். 2021-ல் டோக்கியோவில் சென்னையின் பவானி தேவி ஆடியதும் இதைத்தான்.

1. சேபரில் வாளின் நுனியால் குத்தினாலும் புள்ளி, விளிம்பால் வீசித் தொட்டாலும் புள்ளி. இடுப்புக்கு மேலே தலை, கை, உடல் எல்லாம் இலக்கு. ஃபாயிலிலும் எப்பேயிலும் நுனி பட்டால் மட்டுமே கணக்கு.

2. ஆடும் தளம் 14 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகலான பாதை. இருவரும் 4 மீட்டர் இடைவெளியில் நின்று தொடங்குகிறார்கள். பெரும்பாலான புள்ளிகள் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும்.

3. ஒருவர் தொட்ட பிறகு மற்றவர் திருப்பித் தொட வெறும் 170 மில்லி விநாடிதான் கருவி அனுமதிக்கும். அதற்குள் தொட்டுவிட்டால் இருவர் விளக்கும் எரியும். அப்போது 'தாக்கும் உரிமை' யாரிடம் இருந்தது என்று நடுவர் முடிவு செய்வார். யார் முதலில் முன்னேறித் தாக்கினார், யார் அதைத் தடுத்துத் திருப்பி அடித்தார் என்பதே கேள்வி. டிவியில் பார்ப்பவர்கள் பாதி நேரம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

4. தனிநபர் நாக்-அவுட் ஆட்டத்தில் முதலில் 15 எடுப்பவர் வென்றவர். ஒருவர் 8 புள்ளியைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை.

5. குழு ஆட்டம் ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. அணிக்கு மூன்று பேர், கூடவே ஒரு மாற்று வீரர்; மொத்தம் ஒன்பது சுற்று. முதல் சுற்று 5 புள்ளி வரை, அடுத்தது 10 வரை, அப்படியே 45 வரை போகும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார். ஆகவே ஒன்பதாவது சுற்றில் இறங்குபவர் முந்தைய எட்டுச் சுற்றின் கடனையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இந்த ஐந்தாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்லானின் வாழ்க்கையில் இரண்டு முறை எல்லாமே அந்த ஒன்பதாவது சுற்றில்தான் தீர்மானமானது.

மிகோலாயிவ் சிறுமி

கார்லான் 1990 செப்டம்பர் 4 அன்று தெற்கு உக்ரைனின் மிகோலாயிவ் நகரில் பிறந்தார். கப்பல் கட்டும் தொழிலுக்குப் பெயர் போன ஊர் அது. உக்ரேனிய உச்சரிப்பில் அவர் பெயர் 'ஓல்ஹா ஹர்லான்' என்று ஒலிக்கும். உலக ஊடகங்களில் நிலைத்துவிட்ட வடிவத்தையே இங்கே பயன்படுத்துகிறேன். சிறு வயதில் நடனம் கற்றார். அதற்கான செலவு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வாள்வீச்சுக்குக் கட்டணம் இல்லாததால் அங்கே போனார். பெண்கள் சேபர் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2004 ஏதென்ஸில்தான். அதாவது, அவர் வாளைக் கையில் எடுத்த நாளில் அவருடைய ஆட்டம் ஒலிம்பிக் பட்டியலிலேயே இல்லை.

2008 பெய்ஜிங்கில் குழுப் பிரிவின் இறுதி ஆட்டம். எதிரணி சீனா, அரங்கம் முழுக்கச் சீன ரசிகர்கள். ஒன்பதாவது சுற்றுக்கு உக்ரைன் அனுப்பியது அணியிலேயே இளையவரான 17 வயது கார்லானை. ஆட்டம் 45-44 என்று முடிந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உக்ரைனுக்குத் தங்கம்.

அதற்குப் பிறகான பதினைந்து வருடக் கணக்கு:

- உலக சாம்பியன்ஷிப் தனிநபர் தங்கம் நான்கு முறை: 2013, 2014, 2017, 2019.
- 2012 லண்டனில் தனிநபர் வெண்கலம். அந்த முறை பெண்கள் சேபர் குழுப் போட்டி நடத்தப்படவே இல்லை. எல்லாக் குழுப் பிரிவுகளுக்கும் இடமில்லாததால் அப்போது சுழற்சி முறை இருந்தது.
- 2016 ரியோவில் தனிநபர் வெண்கலம், குழுவில் வெள்ளி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் பிரான்ஸின் மனோன் ப்ரூனே. நமக்குத் தெரிந்த பெயர்தான்: டோக்கியோவில் பவானி தேவியை 15-7 என்று வென்றவர்.
- 2021 டோக்கியோவில் முதல் ஆட்டத்திலேயே சீனாவின் யாங் ஹெங்யுவிடம் தோல்வி.

உலக சாம்பியன் பட்டம் நான்கு, ஒலிம்பிக் தனிநபர் தங்கம் பூஜ்யம். இது அவருடைய திறமைக் குறைவு அல்ல, சேபரின் குணம். 15 புள்ளி சில நிமிடங்களில் ஓடிவிடும். நடுவரின் இரண்டு மூன்று முடிவுகள் மாறினாலே ஆட்டம் மாறும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரே ஒரு நாளில் அப்படி ஆகிவிட்டால் முறையிட இடமில்லை.

மிலானுக்கு வெகு முன்பே கார்லான் தன் நாட்டில் பெரிய நட்சத்திரம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2020-ல் மேட்டல் நிறுவனம் அவர் உருவத்தில் ஒரு பார்பி பொம்மை செய்தது. முகமூடிக்குள் ஆடும் ஒரு விளையாட்டில், முகம் அடையாளம் தெரிந்து பொம்மையாகும் அளவுக்கு வளர்ந்தவர்கள் மிகச் சிலரே.

கறுப்பு அட்டை ஏன் வந்தது?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. மிகோலாயிவ் போர்முனையின் விளிம்பில் இருந்தது. மார்ச் 29 அன்று அங்குள்ள மாகாண நிர்வாகக் கட்டடத்தை ஏவுகணை தாக்கி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஏப்ரலிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த குழாய்ப்பாதையும் துண்டிக்கப்பட்டு, பிறகு வீட்டுக் குழாய்களில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. கார்லானின் குடும்பம் அந்த ஊர்க்காரர்கள்.

விளையாட்டு அமைப்புகள் முதலில் ரஷ்யர்களை ஒதுக்கி வைத்தன. 2023 மார்ச்சில் சர்வதேச வாள்வீச்சு சம்மேளனம் வாக்கெடுப்பு நடத்தி, ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைத் 'தனிப்பட்ட நடுநிலை வீரர்கள்' என்ற பெயரில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கொடி கிடையாது, தேசிய கீதம் கிடையாது, ஆனால் ஆடலாம். இந்தச் சம்மேளனத்துக்கு 2008 முதல் தலைவராக இருந்தவர் ரஷ்யப் பெருஞ்செல்வந்தர் அலிஷேர் உஸ்மானோவ். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவர்மீது தடை விதித்ததும் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். அதனால் அந்த வாக்கெடுப்பை உக்ரேனியர்கள் வெறும் விளையாட்டு நிர்வாக முடிவாகப் பார்க்கவில்லை.

உக்ரைன் அரசு ஆரம்பத்தில், ரஷ்யர்கள் ஆடும் போட்டிகளில் தன் வீரர்கள் ஆடக் கூடாது என்று தடுத்தது. மிலான் போட்டியின்போதுதான் இதைத் தளர்த்தியது: எதிரில் வருபவர் நடுநிலை வீரர் என்றால் ஆடலாம். அப்படி அனுமதி வந்த கையோடு கார்லானுக்கு எதிரில் ஸ்மிர்னோவா.

அன்று நடந்தது இதுதான்:

1. கார்லான் 15-7 என்று வென்றார்.

2. ஆட்டம் முடிந்ததும் ஸ்மிர்னோவா கைகுலுக்க வந்தார். கார்லான் கைக்குப் பதிலாக வாளை நீட்டினார். வாளோடு வாள் தொட்டு விடைபெறலாம் என்பது அதன் பொருள்.

3. ஸ்மிர்னோவா அதை ஏற்கவில்லை. தளத்தை விட்டு இறங்காமல், ஒரு நாற்காலியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்.

4. பிறகு கார்லானுக்குக் கறுப்பு அட்டை காட்டப்பட்டு, அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

வாள்வீச்சில் மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை எதிராளிக்கு ஒரு புள்ளி, கறுப்பு அட்டை வெளியேற்றம். மிகக் கடுமையான குற்றங்களுக்கான கறுப்பு அட்டையோடு இரண்டு மாதத் தடையும் சேர்ந்து வரும். கைகொடுக்காதது எப்படி இந்தப் பட்டியலில் வந்தது? இருவர் நேருக்கு நேர் மோதும் வாட்போராகப் பிறந்த ஆட்டம் இது. அதன் மரியாதைகளை ஆட்டத்தின் பகுதியாகவே விதிப்புத்தகம் எழுதி வைத்திருந்தது. தொடக்கத்தில் எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளர்களுக்கும் வாளால் வணக்கம் வைக்க வேண்டும், முடிவில் வணக்கத்தோடு கைகுலுக்கலும் வேண்டும். அதுவும் வாள் பிடிக்காத கையால். வலது கைக்காரர் இடது கையை நீட்டுவார். நம் ஊர்க் கண்ணுக்கு அது கொஞ்சம் நெருடும், ஆனால் அங்கே அதுதான் முறை. கைகுலுக்காவிட்டால் கறுப்பு அட்டை என்பது அன்றைய விதி.

டென்னிஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அதே 2023 கோடையில் உக்ரைனின் எலினா ஸ்விட்டோலினா பிரெஞ்சு ஓப்பனிலும் விம்பிள்டனிலும் ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளுக்குக் கைகொடுக்கவில்லை. பாரீஸில் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், அவ்வளவுதான். டென்னிஸில் கைகுலுக்கல் வழக்கம், வாள்வீச்சில் அது சட்டமாக இருந்தது.

கார்லான் தரப்பு சொன்ன வாதம் வேறு. கோவிட் காலத்தில் கைகுலுக்கலுக்குப் பதிலாக வாளால் வணங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்திருந்தது. சம்மேளனத்தின் இடைக்காலத் தலைவர் எம்மானுவேல் கட்சியாடாகிஸ், வாளைத் தொட்டுக்கொண்டால் போதும் என்று தன்னிடம் உறுதி சொன்னதாகவும் கார்லான் கூறினார். அப்படியானால் அவர் விதியை மீற நினைத்து மேடை ஏறவில்லை. அனுமதி இருப்பதாக நம்பித்தான் வாளை நீட்டினார்.

என் பார்வையில், எழுதி வைத்த வரியை மட்டும் பார்த்தால் நடுவருக்கு வேறு வழி இல்லை. தவறு அந்த வரியை எழுதியவர்களுடையது. நடந்துகொண்டிருக்கும் போரின் இரு பக்கத்தவரை எதிரெதிரே நிறுத்த முடிவெடுத்த அமைப்பு, ஆட்டம் முடிந்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நாலு மாதத்தில் ஒருமுறைகூட யோசித்து விதியைத் திருத்தவில்லை. ஸ்மிர்னோவாவும் அனுமதிக்கப்பட்ட போட்டியாளர்தான், விதி தந்த உரிமையைத்தான் கேட்டார். ஆனால் தோற்ற பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்த முக்கால் மணி நேரம், மரியாதை கேட்பது மாதிரி இல்லை. விதி தன் வேலையைச் செய்யட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

ஒரே நாளில் தலைகீழ்

மறுநாள் ஜூலை 28 முதல் மூன்று விஷயங்கள் வேகமாக நகர்ந்தன.

முதலாவது, சம்மேளனம் தடையை விலக்கியது. தனிநபர் போட்டி போனது போனதுதான், ஆனால் குழுப் போட்டியில் ஆடலாம்.

இரண்டாவது, அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாஹ் எழுதிய கடிதம். பாஹ் 1976 மான்ட்ரியலில் மேற்கு ஜெர்மனிக்காக ஃபாயில் குழுப் பிரிவில் தங்கம் வென்ற வாள்வீச்சாளர். தரவரிசை வழியே கார்லான் தகுதி பெற முடியாமல் போனால் பாரீஸில் கூடுதலாக ஓர் இடம் தரப்படும் என்று அதில் உறுதியளித்தார். உலக சாம்பியன்ஷிப்பில்தான் ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகள் மிக அதிகம். அதை இழந்தது பெரிய அடி என்பதால் இந்த ஈடு.

மூன்றாவது, கைகுலுக்கல் கட்டாயம் என்பது தளர்த்தப்பட்டது. தூரத்தில் நின்று வாளால் வணங்கினால் போதும் என்றானது.

இங்கே அடிக்கடி ஒரு தவறான புரிதல் வருகிறது. கார்லான் பாரீஸுக்கு பாஹின் கருணையால் போனார் என்று எழுதுகிறார்கள். ஒரு குழு தகுதி பெற்றுவிட்டால், அதன் மூவருக்கும் தனிநபர் இடமும் தானாகவே கிடைக்கும் என்பது தகுதி விதி. உக்ரைன் குழு பாரீஸில் ஆடியது. ஆகவே அந்தக் கடிதத்தை ஒரு காப்பீடு என்று சொல்வதே சரி.

காப்பீடு யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. நான்கு முறை உலக சாம்பியன், பார்பி பொம்மை வரை போனவர் என்பதால் ஒரே நாளில் கடிதம் வந்தது. தரவரிசையில் இருநூறாவது இடத்தில் இருக்கும் ஒருவர் அதே காரியத்தைச் செய்திருந்தால் கறுப்பு அட்டை வந்திருக்கும், கடிதம் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விதி மாறியதன் பலன் அந்த இருநூறாவது இடத்துக்காரருக்கும் சேரும்.

பாரீஸ்: மறுபடியும் ஒன்பதாவது சுற்று

2024 ஜூலை 29, கிராண்ட் பலே அரங்கம். அரையிறுதியில் பிரான்ஸின் சாரா பால்ஸேரிடம் கார்லான் தோற்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரில் தென்கொரியாவின் சோய் சே-பின். ஒரு கட்டத்தில் கார்லான் 5-11 என்று பின்தங்கி இருந்தார். எதிராளிக்கு இன்னும் நாலே புள்ளி, இவருக்குப் பத்து. 15-14 என்று முடித்தார். முழங்காலிட்டுத் தளத்தை முத்தமிட்டார். பாரீஸில் உக்ரைனுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ரஷ்யா கொன்றதால் இங்கே வர முடியாமல் போன உக்ரேனிய விளையாட்டு வீரர்களுக்காக இந்தப் பதக்கம் என்றார். அன்று தங்கம் வென்றவர் அதே மனோன் ப்ரூனே, அப்போது மனோன் அபிதி-ப்ரூனே.

ஆகஸ்ட் 3 அன்று குழு இறுதி ஆட்டம், மறுபடியும் தென்கொரியா. அலினா கோமாஷ்சுக், யூலியா பகஸ்தோவா, ஒலேனா க்ராவாட்ஸ்கா ஆகியோரோடு ஆடிய உக்ரைன், எட்டுச் சுற்று முடிவில் 37-40 என்று பின்னால் இருந்தது. ஒன்பதாவது சுற்றில் ஜியோன் ஹா-யங்குக்கு எதிராகக் கார்லான் இறங்கினார். கணக்கைப் பாருங்கள்: கொரியாவுக்கு ஐந்து புள்ளி போதும், உக்ரைனுக்கு எட்டு வேண்டும். கார்லான் எட்டையும் எடுத்தார், விட்டுக்கொடுத்தது இரண்டே இரண்டு. 45-42. பெய்ஜிங்கில் 17 வயதில் செய்ததை 33 வயதில் திரும்பச் செய்தார்.

ஒன்றை மட்டும் குறைத்துச் சொல்லக் கூடாது. டோக்கியோவில் பெண்கள் சேபரின் இரண்டு தங்கமும் ரஷ்ய வீராங்கனைகளுக்குப் போனது. பாரீஸ் வாள்வீச்சில் ரஷ்யர்கள் இல்லை. களம் அந்த அளவுக்கு இலேசாகத்தான் இருந்தது. அதற்காக 5-11-லிருந்து எழுந்து வருவது எளிதாகிவிடாது.

இந்தப் புகழ் எதில் நிற்கிறது?

கைகொடுக்காததால் பிரபலமானவர் என்று அவரைச் சுருக்கிவிடுவது வெளிநாட்டுச் செய்திகளின் பழக்கம். உக்ரைனுக்குள் கணக்கு வேறு.

1. ஒலிம்பிக் பதக்கம் ஆறு: தங்கம் 2, வெள்ளி 1, வெண்கலம் 3. சுதந்திர உக்ரைனில் வேறு எவருக்கும் இத்தனை இல்லை. முன்பு முதலிடத்தில் இருந்த நீச்சல் வீராங்கனை யானா க்ளோச்கோவாவுக்கு ஐந்து, அதில் நான்கு தங்கம்.

2. 2008-ல் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த குழந்தைகள் இன்று போர் வயதில் இருக்கிறார்கள். ஒரு தலைமுறை அவரோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. திடீர்ப் புகழுக்கு இந்த ஆழம் இருக்காது.

3. அவருடைய ஊர். மிகோலாயிவ் பெயர் செய்திகளில் ஏவுகணையோடும் உப்புத் தண்ணீரோடும் மட்டுமே வந்துகொண்டிருந்த காலத்தில், பாரீஸ் மேடையில் அது வேறு காரணத்துக்காக உச்சரிக்கப்பட்டது.

4. மிலான். இது நான்காவதுதான். முந்தைய மூன்றும் இல்லாமல் மிலான் மட்டும் நடந்திருந்தால், ஒரு வாரச் செய்தியாக ஓய்ந்திருக்கும்.

சம்மேளனத்தின் கதை இன்னும் ஓயவில்லை. 2024 நவம்பர் 30 அன்று நடந்த தேர்தலில் உஸ்மானோவ் மீண்டும் தலைவராகத் தேர்வானார். பெரும்பான்மை நாடுகள் அவருக்கே வாக்களித்தன. தடைகள் நீங்காததால் சில நாட்களிலேயே அவர் பொறுப்பிலிருந்து மறுபடி ஒதுங்க, இடைக்காலத் தலைவராக வந்தவர் கட்சியாடாகிஸ். மிலானில் 'வாளைத் தொட்டால் போதும்' என்று தன்னிடம் சொன்னதாகக் கார்லான் குறிப்பிட்ட அதே மனிதர்.